பெட் ஒண்ணுதான்

முப்பத்துநான்கு ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தேன். அதில் எத்தனை வகுப்புகளை 'ப' என்ற ஒரே எழுத்துக்காகச் செலவிட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தமிழில் அந்த ஓர் எழுத்து ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளுக்கு வேலை பார்க்கிறது. வளர்ப்புப் பிராணியும் பெட்தான், படுக்கையும் பெட்தான். வித்தியாசம் காட்ட, ஒரு துண்டுத் தாளை உதட்டருகே பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்வேன். பிராணியைச் சொன்னால் தாள் அசைய வேண்டும். படுக்கையைச் சொன்னால் அசையக் கூடாது. கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள் கூச்சத்தோடு தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு பெண்ணின் தாள் கடைசிவரை அசையவே இல்லை. வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

எழுபத்தோராவது வயதில் அதே எழுத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு ஓர் அம்மாளை ஏமாற்றினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலூரில் நான் குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம் என்று உரிமையாளர் சொன்ன அதே மாதத்தில், திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் துறைத்தலைவராக இருந்த என் பழைய மாணவர் அழைத்தார். வாரத்தில் மூன்று நாள் வந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். சரி என்றேன். மனைவி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்த ஊரில் இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். திருவண்ணாமலையைக் கோயில் ஊர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். காலை எட்டரை மணிக்குப் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் கல்லூரி ஊர் என்றுதான் தோன்றும். அவ்வளவு அடையாள அட்டைகள், அவ்வளவு டிபன் பைகள்.

என்னோடு ஒரு நாயும் இருந்தது. காப்பிப்பொடி நிறத்தில் ஒரு நாட்டு நாய். கருத்தடை செய்ததற்கு அடையாளமாக இடது காதின் நுனி வெட்டப்பட்டிருக்கும். எட்டு வயது. மழையில் எங்கள் ஸ்கூட்டருக்கு அடியில் குட்டியாக ஒதுங்கியது, பிறகு போகவில்லை. என் மனைவி போனபின் அந்த வீட்டில் என்னைத் தவிர மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். பெயர் உண்டு. இங்கே யாருடைய பெயரையும் எழுதவில்லை என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன்.

ஓர் ஆட்டோக்காரர் வீடு பார்த்துக் கொடுக்கும் தரகராகவும் இருந்தார். அவருடைய ஆட்டோவில் நானும் நாயும் நான்கு நாட்கள் ஊரைச் சுற்றினோம்.

முதல் வீட்டில், "நீங்க வெஜ்ஜா சார்?" என்று கேட்டார்கள்.

"வெஜ்தாங்க."

"நாயி?"

யோசித்தேன். "அதுக்கு மட்டும் தினம் ஒரு முட்டை குடுப்பேன்."

"சாமி ரூம் இருக்கற வூடு சார். மன்னிச்சுக்கோங்க."

இரண்டாவது வீட்டுக்காரருக்கு நாய் என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் மாறியது. "ஏற்கெனவே ஒரு வெள்ளக்காரம்மாவுக்கு வுட்டுப் பட்டது போதும் சார். ஒண்ணுன்னுதான் சொன்னாங்க. தெருவுல அடிபட்டதையெல்லாம் தூக்கினு வந்து எட்டு ஆச்சு. அந்தம்மா ஊருக்குப் போயி ஒரு வருஷம் ஆவுது. அதுங்க எட்டும் இன்னும் எங்க வாசல்லதான் உக்காந்துனு இருக்குதுங்க. அதோ பாருங்க." பார்த்தேன். உட்கார்ந்துகொண்டுதான் இருந்தன. எங்கள் நாய் ஆட்டோவிலிருந்து இறங்க மறுத்துவிட்டது.

மூன்றாவது வீட்டுக்காரர் நாகரிகமானவர். நாய் வளர்ப்பது நல்ல பழக்கம் என்றார். பிறகு ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். "இதுவா? நான் லேப்ரடார்னு நெனச்சேன். லேப்ரடார்னா பரவால்ல சார்."

திரும்பி வரும்போது ஆட்டோக்காரர் என்னிடம் சலித்துக்கொண்டார். "சார், நீங்க வாயத் தொறந்ததும் நாயி நாயின்றீங்க. நாயின்னா தெருவுல குலைக்கறதுதான் ஞாபகம் வரும். பெட்டுனு சொல்லுங்க. பெட்டுனா சோபாவுல உக்கார்றது. மரியாதையா இருக்கும் இல்ல?"

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இதுதான் என் முதல் தவறு என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அது வெறும் அசட்டுத்தனம். உண்மையான தவறு மறுநாள் தொலைபேசியில் நடந்தது.

வீட்டுக்கு உரிமையாளர் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் ஓர் அம்மாள். நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் குடும்பம். கணவர் இல்லை. மகளைத் திருவண்ணாமலையில் படிக்க வைத்தபோது இங்கே மனை வாங்கி ஒரு மாடி வீடு கட்டியிருந்தார்கள். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். கீழ்வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு, பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும்போது மட்டும் அந்த அம்மாள் ஒரு நாள் தங்கிவிட்டுப் போவார்கள். மாடி வாடகைக்கு. ஆட்டோக்காரர் எண்ணைக் கொடுத்து, "நீங்களே பேசிருங்க சார்" என்றார்.

வயது, வேலை, வெஜ், எல்லாம் பேசியாகிவிட்டது. பிறகு கேட்டேன்.

"எங்கிட்ட பெட் ஒண்ணு இருக்குதும்மா. வச்சிக்கலாமா?"

"தாராளமா வச்சிக்கோங்க சார். அது இல்லாம எப்படி? எத்தினி?"

"ஒண்ணுதான்."

"நீங்க ஒண்டி ஆளுதானே, ஒண்ணு போதும். பெருசா?"

"நடுத்தரமா இருக்கும்மா."

"படிக்கட்டு கொஞ்சம் குறுகலு. ஏத்தறது கஷ்டமா இருக்குமோ?"

"ஒண்ணும் கஷ்டமில்லம்மா, ஏறிடும்."

"பழசா, புதுசா?"

"எட்டு வருஷம் ஆவுது."

"எட்டு வருஷமா! மூட்டப்பூச்சி கீட்டப்பூச்சி இல்லியே சார்? ஒரு தடவ சொவத்துல ஏறிச்சுன்னா போவவே போவாது."

அந்த இடத்தில் எனக்குப் புரிந்தது. அதற்கு முன் கேட்ட எல்லாக் கேள்விகளும் வேறு வெளிச்சத்தில் தெரிந்தன. அந்த அம்மாள் கட்டிலையும் மெத்தையையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் சரியாகத்தான் உச்சரித்திருந்தேன். என் உதட்டருகே தாள் இருந்திருந்தால் அசைந்திருக்கும். ஆனால் தொலைபேசியில் மூச்சுக்காற்று போய்ச் சேராது.

'அம்மா, நான் நாயைச் சொல்கிறேன்' என்று சொல்ல எனக்குப் போதிய நேரம் இருந்தது. அந்த நேரத்தில் நான் யோசித்தது வேறு. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்று யோசித்தேன். பிறகு சொன்னேன்:

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. மாசாமாசம் மருந்து போட்டுடறேன்."

உண்ணிக்கு மாதாமாதம் மருந்து போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதுவும் உண்மைதான். என் பதில்கள் எல்லாமே உண்மை. அதனால்தான் இன்றும் அவற்றை நினைத்தால் கூசுகிறது.

குடிவந்தேன். இரண்டு பக்கமும் காலி மனை. பார்த்துச் சொல்ல அண்டை வீடு இல்லை. நாய் பதினெட்டுப் படிகளையும் ஒரே மூச்சில் ஏறியது. என்னிடம் கட்டிலே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் தரையில் பாய் விரித்துத்தான் படுப்பேன். ஆக, அந்த அம்மாள் அனுமதி கொடுத்த பொருள் என்னிடம் இல்லை. கொடுக்காதது இருந்தது.

முதல் பௌர்ணமி வந்தது. அந்த அம்மாள் மதியப் பேருந்தில் வந்து, மாலையில் கிரிவலம் போய், திரும்பித் தூங்கிவிட்டு, காலையில் ஊருக்குக் கிளம்புவது வழக்கம். அந்த ஒரு நாள் நாயை வேறெங்காவது வைக்க வேண்டும். ஆட்டோக்காரருக்குத் தெரிந்த ஒரு டீக்கடை அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருந்தது. அங்கே பெஞ்சுக் காலில் கட்டிவிட்டு வந்தேன்.

அந்த அம்மாள் ஒரு பையில் வறுத்த வேர்க்கடலை கொண்டுவந்திருந்தார்கள். படிக்கட்டின் அடியில் நின்று கூப்பிட்டார்கள். "வாத்தியாரே! கொஞ்சம் எறங்கி வாங்க. எனக்கு முட்டி வலி. சமதரைன்னா பதினாலு கிலோமீட்டர் நடந்துருவேன், படின்னா பத்துப் படி ஏறமாட்டேன்." அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு நிம்மதி ஏற்பட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு மனுஷியின் முட்டி வலி எனக்கு வசதியாக இருந்தது.

"பெட்டு ஏறிடுச்சா மேல?"

"ஏறிடுச்சும்மா."

பிறகு எனக்கு முன்னால் இருந்தவனைப் பற்றிச் சொன்னார்கள். வெஜ் என்று சொல்லிக் குடிவந்தானாம். ஒரு பௌர்ணமிக்கு வந்து கதவைத் திறந்தால் மாடியிலிருந்து கருவாட்டு வாசம். "கருவாடு துன்னா துன்னுட்டுப் போ. எங்க வூட்ல துன்னாததா? ஏண்டா மறைச்சேன்னு கேட்டேன். இல்லவே இல்லனு என் மூஞ்சிக்கு நேரா சத்தியம் பண்றான். குழம்பு அடுப்புல கொதிக்குது! அந்த மாசமே காலி பண்ணச் சொல்லிட்டேன் சார். மறைக்கறவங்க எனக்கு ஆவாது."

"சரிதான்மா" என்றேன். வேர்க்கடலையை வாங்கிக்கொண்டேன்.

மாலை டீக்கடைக்குப் போய்ப் பார்த்தேன். பாதை நிறையக் கால்கள். ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே பெஞ்சின் அடியில் எங்கள் நாய் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நடுங்கியது. குரைக்கவில்லை. டீக்கடைக்காரர் போட்ட பன் அப்படியே கிடந்தது. "காலைலேருந்து தொடல சார்" என்றார். அவிழ்த்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு அப்போது கருவாட்டுக்காரன்தான் நினைவுக்கு வந்தான். இந்த வீடு போனால் வேறு வீடு இல்லை. வேறு வீடு இல்லையென்றால் நாயை யாரிடமாவது கொடுக்க வேண்டும். எட்டு வயது நாட்டு நாயை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாட்கள் அது என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

இரண்டாவது பௌர்ணமிக்கும் அப்படியே செய்தேன். இந்த முறை பெஞ்சைப் பார்த்ததும் அது தரையில் உட்கார்ந்துவிட்டது. இழுத்துத்தான் கட்டினேன்.

அன்றைக்கு அந்த அம்மாள் என்னைப் பாராட்டினார்கள். "நீங்க ராசியான ஆளு வாத்தியாரே. நீங்க வந்தப்புறம் குரங்கே வர்றதில்ல. எத்தினி டேங்க் மூடிய பேத்துப் போட்டிருக்குதுங்க தெரியுமா? ஒரு தடவ பைப்பையே ஒடச்சிடுச்சுங்க." குரங்குகள் வராததற்குக் காரணம் நாய் தினமும் மொட்டைமாடியில் காவல் காப்பதுதான். அந்தக் காவலாளி அந்த நேரத்தில் டீக்கடை பெஞ்சில் கட்டிக் கிடந்தது. நான் சிரித்து வைத்தேன். கிளம்பும்போது அந்த அம்மாள் கேட்டார்கள்.

"பெட்டு சௌகரியமா இருக்குதா சார்? எட்டு வருஷத்துப் பெட்டுன்னீங்களே, முதுகு இன்னாத்துக்கு ஆவும்?"

"பழகிடுச்சும்மா" என்றேன்.

அந்தப் பதில்தான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது.

அடுத்த பௌர்ணமிக்கு ஒன்பது நாள் முன்பு. கல்லூரி இல்லாத நாள், காலை பதினோரு மணி. வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. "வாத்தியாரே!" என்று அந்த அம்மாளின் குரல். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டியின் பின்னால் ஒரு புதிய மெத்தை, பச்சைக் கோடு போட்ட துணியில் உருட்டிக் கட்டியிருந்தது.

"எங்க கொல்லையில எலவ மரம் காய்ச்சிருந்துச்சு சார். பஞ்ச வீணாக்குவானேன்னு தெச்சுட்டேன். அந்தப் பழம்பெட்ட தூக்கி எறிங்க!"

அப்போது நான் செய்ததையும் சொல்கிறேன். நாயைக் குளியலறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன்.

வண்டி ஓட்டிவந்தவர் மெத்தையைத் தோளில் சுமந்து மேலே வந்தார். அதைத் தரையில் அவிழ்த்து விரித்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். புத்தக அலமாரி, மேசை, நாற்காலி, மூலையில் சுருட்டிய பாய்.

"கட்டில் எங்க சார்?"

கீழேயிருந்து அந்த அம்மாள், "போட்டாச்சாடா?" என்று கேட்டார்கள்.

"கட்டிலயே காணோம் பெரீம்மா!"

"இன்னாது?"

பிறகு படிக்கட்டில் அந்த அம்மாள் ஏறி வரும் சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு பெருமூச்சு, ஒரு படி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பதினெட்டுப் படிகளையும் ஏறினார்கள். ஒருவருடைய வலியைக் கேட்டுக்கொண்டு அப்படிச் சும்மா நின்றது அதற்கு முன் எப்போதும் நடந்ததில்லை. 'வராதீங்கம்மா, நானே சொல்றேன்' என்று குரல் கொடுக்கக்கூட வாய் வரவில்லை.

வந்து நின்று மூச்சு வாங்கினார்கள். பாயைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அதே நேரம் குளியலறைக் கதவை உள்ளேயிருந்து எதுவோ பிறாண்டியது.

"உள்ள யாரு சார்?"

தாழ்ப்பாளை எடுத்தேன். நாய் வெளியே வந்தது. புது ஆட்கள் இருவரையும் ஒரு முறை மோந்து பார்த்தது. நேராக மெத்தையிடம் போய், ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றிச் சுருண்டு படுத்துக்கொண்டது.

"பெட்டு எங்க சார்?" என்று கேட்டார்கள்.

"இதுதாம்மா" என்று நாயைக் காட்டினேன்.

நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு அந்த அம்மாளின் முகத்தில் ஏதோ விளங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார்கள். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ஐயையோ! பெட்டுனா இதா? இதுக்கா நான் மூட்டப்பூச்சி இருக்குதானு கேட்டேன்! டேய், படியில ஏறுமான்னு வேற கேட்டேண்டா!" வண்டிக்காரரும் சிரித்தார். "எம்மேலதான் சார் தப்பு. நான் எட்டாவதோட நின்னவ. இங்கிலீஷ் வார்த்தன்னா பாதிதான் காதுல வுழும், மீதிய நானே போட்டுக்குவேன். நீங்க ஒழுங்காத்தான் கேட்டிருக்கீங்க. எனக்குத்தான் புரியல."

நான் தப்பிக்க வழி அகலமாகத் திறந்து கிடந்தது. நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சேர்ந்து சிரித்தால் போதும். வீடு, நாய், வேலை எல்லாம் தப்பித்துவிடும். அந்த அம்மாளே பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாயிற்று.

தாள் அசையாத அந்தப் பெண் என் நினைவுக்கு வந்தாள். வகுப்பு சிரித்தபோது அவளும் சிரித்தாள், தவறு தன்னுடையது என்று. இப்படியேதான் சிரித்தாள்.

"உங்க தப்பு இல்லம்மா" என்றேன். "நீங்க மூட்டப்பூச்சின்னு கேட்டீங்க இல்ல? அப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நீங்க கட்டிலச் சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் மருந்து போடறேன்னு சொன்னேன்."

சிரிப்பு நின்றது.

"தெரிஞ்சா சொன்னீங்க?"

"தெரிஞ்சுதான்மா."

"கருவாட்டுக்காரன் கதைய சொன்னேனே, அப்ப?"

"அப்பவும் தெரியும்."

"பௌர்ணமிக்கு வந்தப்ப இது எங்க இருந்துச்சு? ஒரு சத்தமும் கேக்கலியே."

"அடி அண்ணாமலையில ஒரு டீக்கடையில கட்டிப் போட்டிருந்தேன்."

"அன்னிக்குப் பூரா? அந்தக் கூட்டத்துலயா?"

"ஆமாம்மா. ரெண்டு தடவ."

அந்த அம்மாள் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் அந்தக் கட வழியாத்தான் நடந்து போயிருப்பேன்" என்றார்கள், தனக்குத்தானே. பிறகு என்னிடம் திரும்பினார்கள். "நாயின்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா சார்? படிச்சவருக்கு அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சா?"

"சொன்ன எடத்துலயெல்லாம் வீடு தரலம்மா."

"நானும்தான் தந்திருக்க மாட்டேன். அன்னிக்கே நாயின்னு சொல்லியிருந்தா, வேணாம் சார்னு போன வெச்சிருப்பேன். அது வேற. அது நான் சொல்ல வேண்டிய பதிலு. அதக்கூட என்னச் சொல்லவுடலியே நீங்க."



வண்டிக்காரர் மெதுவாகக் கேட்டார். "மெத்தைய இன்னா பண்றது பெரீம்மா?"

"கீழ என் ரூம்ல போடு. பௌர்ணமிக்கு வந்து சொல்றேன்." எழுந்தார்கள். இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது அவர்களுக்கு. கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தானே இறங்கினார்கள். மெத்தையை விட்டு எழ மனமில்லாத நாய் கடைசியாகத்தான் அதிலிருந்து இறங்கியது.

அந்த ஒன்பது நாட்களைப் பற்றி நான் எதிர்பார்த்தது வேறு. தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது என்று நினைத்தேன். முதல் இரவே நன்றாகத் தூங்கினேன். காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு வாசல் வழியாக இறங்கினேன். அதுவரை வெளிச்சம் வருமுன் காலி மனைகளுக்குப் பின்னால்தான் கூட்டிப்போவேன். குரங்கைப் பார்த்து அது குரைத்தபோது ஜன்னலைச் சாத்தவில்லை. பால்காரர், "நாயி இருக்குதா சார் உங்க வூட்ல?" என்று ஆச்சரியப்பட்டார். "இருக்குதுப்பா" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு சிரமமும் இல்லை. வீடு போகுமா இருக்குமா என்பது தெரியாது. ஆனால் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டைவிட அது பெரியதாக இருந்தது. இதை முன்பே ஏன் செய்யவில்லை என்றுதான் வருத்தம்.

இந்த வீடு கைவிட்டுப்போனால் என்ன செய்வது என்று ஆட்டோக்காரரோடு மறுபடி இரண்டு வீடுகள் பார்த்தேன். இரண்டு இடத்திலும் முதல் வாக்கியமே, "எங்கிட்ட ஒரு நாட்டு நாய் இருக்குங்க." இரண்டு இடத்திலும் இல்லை என்றார்கள். ஆட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "எவ்ளோ சொல்லியும் திருந்தமாட்டேன்றீங்களே சார்!" புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கத் தொடங்கினேன்.

பௌர்ணமி அன்று மதியம் கீழ்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில், "வாத்தியாரே! அந்த அக்ரிமெண்ட எடுத்துனு வாங்க. பேனாவும். அப்புறம் அதையும் கூட்டினு வாங்க" என்று குரல்.

"எதம்மா?"

"உங்க பெட்டத்தான்!"

வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டால் காலி செய்யச் சொல்லத்தான் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். நாயும் என் பின்னாலேயே வந்தது. அந்த அம்மாள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் அதே மெத்தை. நாய் அதைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. நான் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுல எத்தினி பேருனு போட்டிருக்குது? படிங்க."

"குடியிருப்பவர் ஒருவர்னு இருக்கும்மா."

"அது தப்பாச்சே. திருத்துங்க. அவர்கூட நாயி ஒண்ணுனு எழுதுங்க. பெட்டுனு எழுதாதீங்க, எனக்கு அந்த வார்த்தையே வேணாம்."

என் கை உடனே எழவில்லை. அந்த அம்மாள் சொல்வது என்ன என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. தமிழில்தான் சொன்னார்கள் என்றாலும்.

"அப்ப... இருக்கலாமாம்மா?"

"எழுதுங்க முதல்ல. கருவாட்டுக்காரன் குழம்பு கொதிக்கும்போதும் இல்லன்னான். நீங்க, நானே சிரிச்சுட்டு வுட்டப்புறமும், வாயத் தொறந்து ஆமான்னீங்க. ஒம்போது நாளா அதத்தான் யோசிச்சேன். கோவம் போயிடுச்சுனு நெனச்சிக்காதீங்க. இன்னும் இருக்குது. ஆனா அது உங்க மேல. இத இன்னாத்துக்கு வெளிய அனுப்பணும்?" பிறகு நாயை உற்றுப் பார்த்தார்கள். "ஆணா, பொட்டையா?"

"பெட்டைதாம்மா."

"பெட்டையா!" அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடடா. அப்ப நீங்க போன்ல சொன்னதுல ஒரே ஒரு எழுத்துதான் கம்மி. அதையும் சேத்து சொல்லியிருந்தா நாயா ஆடானு கேட்டிருப்பேன் இல்ல?"

நானும் சிரித்தேன். இந்த முறை யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

விதிகளும் சொன்னார்கள். கோலம் காயும்வரை வாசல் பக்கம் வரக் கூடாது. கீழ்வீட்டுக்குள் வரலாம், சமையலறைக்கு மட்டும் கூடாது. ஊசி போட்ட சீட்டைக் காட்ட வேண்டும். மொட்டைமாடிக்குப் போகவர விட வேண்டும். "கொரங்கு ராசி உங்களுது இல்ல, அதோடதுனு இப்பல்ல தெரியுது."

எழுதினேன்: 'குடியிருப்பவர் ஒருவர். அவருடன் பெட்டை நாய் ஒன்று.' ஓரத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மாள் வாங்கி, விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் படித்தார்கள். நாய் என்ற சொல்லில் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு தன் பெயரை எழுதினார்கள்.

"மெத்தைய மேல ஏத்திக்கோங்க. இந்த வயசுல தரையில படுக்காதீங்க. நாயிக்கு ஒரு பழந்துணிய விரிச்சு வுடுங்க, மெத்தையில ஏறவுடாதீங்க."

அதை மட்டும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. மறுமாதமே அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

மாலையில் அந்த அம்மாள் மலையைச் சுற்றக் கிளம்பினார்கள். நாய் மாடியின் கம்பி இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு தெருவில் போகும் கூட்டத்தைப் பார்த்தது. கால்களைப் பார்த்து நடுங்கவில்லை. இருட்டியதும் உள்ளே வந்து படுத்துக்கொண்டது. பௌர்ணமி அன்று அது இந்த வீட்டில் இருந்தது அதுதான் முதல் தடவை.

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கீழே கதவைப் பூட்டும் சத்தம். ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

"வாத்தியாரே! நாயி சாப்ட்டுச்சா?"

கைப்பிடிச் சுவரருகே போய் எட்டிப் பார்த்துச் சொன்னேன். "சாப்ட்டுச்சும்மா. ஒரு முட்டையும் சோறும்."